ஆல்ட்டோ வரிசையின் காதுகள்

எங்கள் சபையின் பாடகர் குழுவில் நான் ஆல்ட்டோ. கூட்டமாகப் பாடும்போது பெண்கள் இரண்டாகப் பிரிந்து நிற்போம். மெட்டை உயரத்தில் எடுத்துப் போகிறவர்கள் சோப்ரானோ. அதற்குக் கீழே வேறொரு வழியில் கூடவே நடக்கிறவர்கள் ஆல்ட்டோ. ஆராதனைக்கு வந்தவர்களுக்கு நினைவில் நிற்பது சோப்ரானோவின் வரி. எங்கள் வரி இல்லாவிட்டால் பாட்டு வெறிச்சென்று இருக்கும் என்று எங்கள் கொயர் மாஸ்டர் சொல்வார். அதை நாங்கள் நம்பித்தான் இத்தனை வருடம் பாடி வந்தோம்.

மாஸ்டர் ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். போன வருடம் மழைக்காலத்தில் கிறிஸ்துமஸ் பயிற்சி ஆரம்பித்தபோது ஒரு புது ஏற்பாடு செய்தார். பெண்கள் இரண்டு, ஆண்கள் இரண்டு என நான்கு குரல்களும் சேர்ந்து வேறொரு குழு பாடிய பதிவுகளை எங்கள் எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பிவிட்டார்.

"பஸ்ல போறப்பக் கேளுங்க, சமைக்கறப்பக் கேளுங்க. பிராக்டீஸுக்கு வாரப்ப அவங்கவங்க வரி அவங்கவங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்" என்றார்.

எனக்கு அது வசதியாக இருந்தது. வீடு புலியகுளத்தில், வேலை கருமத்தம்பட்டியில். அங்கே ஒரு துணி நிறுவனத்தில் தரம் பார்ப்பது என் வேலை. விசைத்தறியிலிருந்து வரும் துணியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து இழைகளை எண்ணுவேன், பிசிறு இருந்தால் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். அவிநாசி சாலையில் காலையும் மாலையும் பேருந்துப் பயணம் உண்டு. பழைய இயர்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்ததால் என் கணவர் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். காதுக்குள் செருகிக்கொள்ளும் ரகம், ஒயர் வைத்தது. பேருந்து இரைச்சலை நன்றாக அடைத்தது. அதுவரை சரி.

பாட்டைப் போட்டதும்தான் தொல்லை. 'ஸ்' என்று வரும் இடமெல்லாம் காதுக்குள் ஊசி குத்தியது. கிறிஸ்துமஸ் பாட்டில் 'ஸ்' இல்லாத வரி எங்கே இருக்கிறது? சந்தோஷம் குத்தியது, நட்சத்திரம் குத்தியது, இரண்டு தடவை வரும் பரிசுத்தம் இரண்டு தடவையும் குத்தியது. அந்தக் கூர்மையில் சோப்ரானோ மட்டும் பளிச்சென்று கேட்டது. நான் கற்றுக்கொள்ள வேண்டிய ஆல்ட்டோ வரி எங்கோ அடியில் கிடந்தது.

"சத்தத்தக் கொறச்சு வெச்சுக் கேளு" என்றார் கணவர்.

"கொறச்சா எங்க வரி அடியோட காணாமப் போயிருதுங்க."

"அப்பத் திருப்பி அனுப்பீரலாம். பொட்டி எங்க?"

பெட்டியை வாங்கிய அன்றே நான் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தேன். அவர் குப்பைக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் தேட ஆரம்பித்தேன். இதே தொல்லையோடு உலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் இயர்போனை மாற்றுவதில்லை, அதன் ஃபில்டரை மாற்றுகிறார்கள். காதுக்குள் போகும் ரப்பரைக் கழற்றினால் ஒரு சின்னக் குழாய் தெரியும். அந்தக் குழாயின் வாயில் உளுந்தம்பருப்பை விடச் சிறியதாக ஒரு வட்ட வலை ஒட்டியிருக்கும். அழுக்கு உள்ளே போகாமல் இருக்கத்தான் அது என்று நான் நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு வேலையும் உண்டாம். வலை நெருக்கமாக இருந்தால் உச்சத்து ஓசைகளை அடக்கும், இளக்கமாக இருந்தால் அப்படியே விட்டுவிடும்.

அன்று மாலை வேலை முடிந்ததும் என் இயர்போனின் ரப்பரைக் கழற்றிப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது துணி. குறுக்கும் நெடுக்குமாக இழை ஓடிய, சுத்தமாக நெய்த துணி. நாள் முழுக்க நான் பார்க்கிற அதே சமாசாரம், கொசுவின் அளவில். அதுவும் மிக இளக்கமான நெசவு. எங்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இணையத்தில் ஒரு பாக்கெட் வரவழைத்தேன். உள்ளே காகிதத்தில் வரிசையாக ஒட்டிய சின்னச் சின்ன வட்டங்கள், நெருக்கம், நடுத்தரம், இளக்கம் என்று மூன்று வகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து வைத்து வேலையைத் தொடங்கினேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். கணவர் எதிரே உட்கார்ந்து டார்ச் அடித்தார்.

பழைய வலையை ஊசி முனையால் நெம்பி எடுத்துவிட்டேன். புது வட்டத்தை இடுக்கியால் பிடித்துக் குழாய்க்கு மேலே கொண்டுபோனபோது அவர் தும்மினார். வட்டம் போன இடம் தெரியவில்லை. இரண்டு பேரும் தரையில் முட்டி போட்டுத் தேடினோம். கடைசியில் அவர் மீசையில் இருந்தது.

"அசையாதீங்க" என்று சொல்லி இடுக்கியால் எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் மூச்சை அடக்கிக்கொண்டு டார்ச் பிடித்தார்.

முதல் தடவை ஒரு பக்கம் நெருக்கமானதும் மறுபக்கம் நடுத்தரமுமாக மாற்றி ஒட்டிவிட்டேன். பாட்டு மொத்தமும் இடது தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. பிரித்து மறுபடி ஒட்டினேன். இரண்டு பக்கமும் நெருக்கமான வலை போட்டதும் எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. இரண்டிலும் நடுத்தரம் ஒட்டிக் காதில் வைத்ததும், அந்த மேசை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஊசி போய்விட்டது. சோப்ரானோ ஒரு படி பின்னால் நகர்ந்து நின்றது. அது விட்ட இடத்தில், எங்கிருந்தோ எழுந்து வந்தது போல, ஆல்ட்டோ. பதிவில் பாடிய பெண்கள் மூச்சு வாங்கும் இடம் கேட்டது. நாங்கள் இத்தனை நாளாக இறங்கிக்கொண்டிருந்த ஓரிடத்தில் அவர்கள் இறங்கவில்லை, அங்கேயே நின்றார்கள். அந்தப் பாட்டை நாங்கள் எல்லோரும் சேர்ந்து, ஒற்றுமையாக, தப்பாகப் பாடிக்கொண்டிருந்தோம்!

மறுநாள் பேருந்தில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டதில் கருமத்தம்பட்டி போனதே தெரியவில்லை. நடத்துநர் தோளைத் தட்டியபோது அவிநாசியில் இருந்தேன். அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"தாமதமாகுமுங்க. அவிநாசில இருக்கறேன்."

"அங்கெதுக்குங்க போனீங்க?" என்றார் மேலாளர்.

"பாட்டுக் கேட்டுக்கிட்டே வந்துபோட்டேனுங்க."

"சரி, பாடிக்கிட்டே திரும்பி வாங்க" என்று வைத்துவிட்டார்.

இப்படி ஒரு நல்ல காரியம் நடந்தால் அதை ஊருக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அடுத்த பயிற்சி நாளன்று, பாடி முடித்ததும் சபை மண்டபத்தின் மேசையில் கடை விரித்தேன். ஆல்ட்டோ வரிசையில் நாங்கள் ஐந்து பேர். ஒவ்வொருவராக இயர்போனை நீட்டினார்கள். வங்கியில் வேலை செய்கிறவருக்கு நடுத்தரம் பிடித்தது. தையல் கடை வைத்திருக்கிறவர் நெருக்கமானதுதான் வேண்டும் என்றார். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருப்பதால் அவருக்கு எல்லாமே அமைதியாக இருக்க வேண்டுமாம். மூன்றாமவர் போட்டுக் கேட்டுவிட்டு, "பழசே தேவல, ஆனா நீங்க இவ்வளவு சிரமப்பட்டதுக்காக இதையே வெச்சுக்கறேன்" என்றார்.

கடைசியாக அக்கா வந்தார். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வரிசையில் மூத்தவர், குரலும் அவருடையதுதான் பெரியது. சில மாதங்களாக அது இன்னும் பெரிதாகியிருந்தது. மாஸ்டர் யாரையும் பார்க்காமல், கூரையைப் பார்த்து, கையை மட்டும் எங்கள் பக்கம் நீட்டி, "அக்கட்டால கொஞ்சம் மெதுவாங்க" என்பார். அக்காவும் எங்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா கண்ணுங்களா, மெதுவா" என்பார்.

அவருடைய இயர்போனுக்கு நடுத்தர வலை ஒட்டிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார்.

"சோத்தாங்கைப் பக்கம் கேக்கலியே அம்மணி."

"சரியா ஒட்டலைங்களாட்ட இருக்குதுங்கக்கா. குடுங்க." பிரித்து, இளக்கமான வலையை வைத்தேன்.

"ம்ஹூம்."

வலையே இல்லாமல் வெறும் குழாயாகக் கொடுத்தேன். அப்போதும் வலது பக்கம் மந்தமாகவே இருந்தது என்றார். பொருளிலேயே கோளாறு என்று நினைத்து என் காதில் வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் கணீரென்று இருந்தது. எனக்குப் புரியவில்லை. இரண்டையும் பக்கம் மாற்றி, இடது காதுக்கானதை அவருடைய வலது காதில் செருகினேன். அதுவரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது அங்கே போனதும் மந்தமானது. மந்தமாக இருந்தது இடது காதுக்குப் போனதும் பாடியது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் கோளாறு இல்ல போலிருக்குது" என்றார் மெதுவாக. அக்கா மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈஸ்டருக்குப் பிறகு இப்படித்தான் என்றார். முதலில் சளி என்று நினைத்தாராம். அப்புறம் அவருடைய அம்மாவுக்கு வயதான காலத்தில் காது சுத்தமாகப் போனது நினைவுக்கு வந்ததாம். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. வரிசையில் வலது ஓரத்தில்தான் நிற்பேன், அங்கேதான் காற்று வருகிறது என்று அவர் பிடிவாதம் பிடித்தது எனக்கு அப்போது விளங்கியது. நாங்கள் எல்லோரும் அவருடைய இடது காதுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக.

"டாக்டரப் பாத்தீங்களா அக்கா?"

"ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் காது கழுவி உட்டவ நானு. எனக்கெதுக்கு டாக்டர்?" என்றார். பிறகு, "போனா ஆமாம்னு சொல்லீருவாங்க அம்மணி. சொல்லாத வரைக்கும் பாடலாம்ல?" என்றார்.

"நான் கூட வாரேனுங்க. ரெண்டு பேரும் போலாம்" என்றேன். அவர் மேசையில் இருந்த பாக்கெட்டில் மிச்சமிருந்த வட்டங்களை விரலால் தடவிவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை காலையில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். இளம் பெண் டாக்டர். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் நோயைத் தானே ஆஸ்பத்திரி பாஷையில் விவரித்தார். நரம்புத் தளர்ச்சி, பரம்பரை, வயது என்று டாக்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே சொல்லி முடித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விளக்கை இழுத்துக் காதுக்குள் பார்த்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"அம்மா, நீங்க இயர்போன் போடுவீங்களா?"

"போடுவேனுங்க. ஏன்?"

"அசையாம இருங்க."

நீளமான இடுக்கி ஒன்றை உள்ளே விட்டார். அக்கா என் கையை நசுக்கினார். சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, மறுபடி இடுக்கி விட்டு, டாக்டர் எதையோ மெல்ல உருவித் தட்டில் போட்டார். மெழுகு படிந்து பழுப்பாகிப்போன, குடைக்காளான் மாதிரி ஒரு சின்ன ரப்பர்.

"இது உங்களுதுங்களா?" என்றார்.

அக்கா குனிந்து பார்த்தார். ஈஸ்டர் சமயத்தில் அவருடைய பழைய இயர்போனின் ஒரு பக்கத்து ரப்பர் காணாமல் போயிருந்தது. தன் வீட்டுப் பக்கம் போகும் ராமநாதபுரம் டவுன் பேருந்தில் விழுந்துவிட்டது என்று முடிவுசெய்து அந்த இயர்போனையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கியிருந்தார். அது பேருந்தில் விழவில்லை. அதற்கு மேல் அழுக்கு சேர்ந்து இறுகி, அன்றிலிருந்து அவரோடு ஆராதனைக்கும் பயிற்சிக்கும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

முதலில் சிரித்தது டாக்டர்தான். பிறகு நான். அக்கா இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, "நாப்பது வருசம் நர்ஸு உத்தியோகம்!" என்று சொல்லிவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். செவிப்பறைக்கு ஒன்றும் இல்லை, கொஞ்ச நாளைக்குச் சொட்டு மருந்து போதும் என்று டாக்டர் சொன்னார். இனி ரப்பர் கழன்றால் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா நடைபாதையில் நின்றுவிட்டார். ஆட்டோக்கள், பழ வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, யாரோ கதவை இழுத்துச் சாத்தும் சத்தம். "இத்தன சத்தமாங்க இந்த ஊரு?" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று முறை போன் செய்தார். வீட்டு மின்விசிறி கத்துகிறதாம். ஃபிரிட்ஜ் உறுமுகிறதாம். கடைசி அழைப்பில், "ஏன் அம்மணி, நான் இவ்வளவு சத்தமாத்தான் பேசறேனா? ஆரும் சொல்லலியே?" என்று கேட்டார். "உங்க குரல் எங்களுக்குப் பழகிப்போச்சுங்கக்கா" என்றேன்.

அடுத்த பயிற்சியில்தான் ஒன்று நடந்தது. அக்கா தன் குரலைத் தானே கேட்டுப் பயந்துபோய் ரொம்ப அடக்கிப் பாடினார். பாட்டு முதல் சரணத்தைத் தாண்டவில்லை, மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஆல்ட்டோ எங்கீங்க? ஆரும் வரலியா?"

நாங்கள் ஐந்து பேரும் அவருக்கு நேர் எதிரேதான் நின்றிருந்தோம்.

மறுபடி பாடினோம். உண்மை அப்போது எங்களுக்கே தெரிந்தது. இத்தனை நாளும் நாங்கள் நான்கு பேர் அக்காவின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறோம். அந்தக் குரல் கொஞ்சம் குறையக் கூடாதா என்று மனதுக்குள் நினைத்தவர்களுக்கு, அது குறைந்ததும் கால் வைக்க இடம் இல்லை. அவர் தவறிய இடத்தில் நாங்களும் தவறினோம், அவர் சரியாகப் பாடிய இடத்தில் நாங்களும் சரி.

"அக்கா, நீங்க முன்னாட்டவே பாடீருங்க" என்றார் மாஸ்டர்.

"முடியாதுங்க. என்னோட சத்தம் எனக்கே பயமா இருக்குது. இவங்க கத்துக்கட்டும்" என்றார் அக்கா.

அப்படித்தான் சனிக்கிழமை மாலைகளில் ராமநாதபுரத்தில் அவர் வீட்டில் கூட ஆரம்பித்தோம். இப்போது எங்கள் வரி எங்களுக்குக் கேட்டது. அவரவர் இயர்போனில் ஒரு வரியைக் கேட்போம், ஒரு காதைக் கழற்றிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து பாடிப் பார்ப்போம். நாங்கள் தப்பாக இறங்கிய அந்த இடத்தை அக்காவே கண்டுபிடித்து, "இங்க எறங்காம நிக்கோணும்" என்று ஏதோ புதிதாகச் சொல்வது போலச் சொன்னார். அதை நான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பொள்ளாச்சியிலிருந்து அவருடைய தம்பி இளநீர் அனுப்பிவைப்பார். பாதி நேரம் பாட்டு, பாதி நேரம் இளநீர். அக்கா இப்போது வரிசையின் நடுவில் நின்றார். காற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் மூன்றாவது பாட்டு. இரண்டாவது சரணத்தில் மின்சாரம் போய்விட்டது. கீபோர்டு பாதி ஸ்வரத்தில் அடங்கியது, மைக்கும் போனது. சோப்ரானோ ஒரு கணம் தடுமாறி நின்றது. நாங்கள் தடுமாறவில்லை என்று சொன்னால் அது பொய். நானும் தையல் கடைக்காரரும் தடுமாறினோம். ஆனால் வங்கிக்காரரும், பழைய வலையே தேவலை என்று சொன்னவரும் விடாமல் பாடினார்கள். நடுவில் அக்கா, கத்தாமல், அளவாக, வரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டரின் கை நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டோம். ஐந்து பேரின் குரல் மட்டும் அந்தப் பெரிய கட்டடத்தில், மைக் இல்லாமல், பின்வரிசை வரைக்கும் போவது எனக்கே கேட்டது. பிறகு மேலே சோப்ரானோ வந்து உட்கார்ந்தது, ஆண்கள் கீழே வந்தார்கள், பாட்டு முழுதாயிற்று. மின்சாரம் வந்தபோது நாங்கள் பாட்டை முடித்துவிட்டிருந்தோம்.

வெளியே முற்றத்தில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் என்னிடம் வந்தார். கையில் அவருடைய இயர்போன் இருந்தது.

"அந்த வலை இன்னும் மிச்சம் இருக்குதுங்களா? பேஸ் பாடறவங்க வரி எனக்குச் சரியாவே கேக்கறதில்ல. அதுக்கு ஏதாச்சும் மாத்தி ஒட்டிக் குடுங்களேன்."

ஆண்களின் அடிக்குரல் வரிசையைச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். அவர்கள் எல்லோரும் கேக் மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"வலையில ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க மாஸ்டர். அவங்க பிராக்டீஸுக்கு வந்தாலே கேக்குமுங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற அக்கா சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.